இரண்டு இருபத்தொன்பதாம் பிரிவுகள்

(சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் சட்டம் படித்தவன் அல்ல. ஏ.எல். வரை படித்துப்போட்டு இங்கு வந்து பக்டரியில் மெசினோடு நிற்கிறவன். ஆனாலும் இந்தத் தலைப்பில் பேச வேண்டும் என்று நானாகத்தான் கேட்டேன். எங்கட ஆட்களில் கனபேர் அரசாங்கக் கடிதம் வந்தால் பயத்தில் லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். நானும் ஒருக்கால் அப்படி வைத்தவன்தான். பிறகு திறந்து பார்த்தால் என்ர அகதி விண்ணப்பத்துக்கு நெகடிவ். மேல்முறையீடு செய்ய இரண்டு நாள்தான் மிச்சம். "அரசாங்கத்தோடு ஆர் வழக்காடுறது?" என்பது நாங்கள் ஊரில் படித்த பாடம். அந்தப் பாடம் எங்கே இருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்.

இலங்கை சுதந்திரம் பெற்றபோது இருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தடையை ஒரு இனத்தின் மீதோ மதத்தின் மீதோ போடும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்பது அதன் சாரம். வாசிக்க நல்லாத்தான் இருந்தது. அது இருக்கத்தக்கதாகவே 1948இல் மலையக மக்களின் குடியுரிமை பறிபோனது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது.

கோடீஸ்வரன் என்ற தமிழர் ஒருவர் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தார். சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று 1962இல் அவருடைய சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் பேசாமல் இருக்கவில்லை, வழக்குப் போட்டார். சிங்களச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்று 1967இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. போடலாம் என்று 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஆனால் சிங்களச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற மூலக் கேள்விக்குக் கடைசி வரை பதில் வரவில்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும் வழியை மூடினார்கள். 1972 மே 22இல் வந்த குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை. சிங்களம் மட்டும் என்பது அரசியலமைப்புக்கு உள்ளேயே ஏறிவிட்டது. வழக்குக்குப் பயந்து சட்டத்தையே கழற்றி எடுத்த கதை இது.

1978 அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. சித்திரவதை கூடாது என்று 11ஆம் உறுப்புரை சொல்லுகிறது. ஆனால் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைப் பிறகு எந்த நீதிமன்றமும் செல்லாது என்று சொல்ல முடியாது. அடுத்த வருடமே, 1979இல், பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தது. அதன் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி நாங்கள் இருக்கும் நாட்டுக்கு வருவோம். சுவிசிலும் உள்நாட்டு யுத்தம் நடந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1847இல் கத்தோலிக்க மாநிலங்கள் ஏழு ஒரு பக்கம், மற்றவற்றில் பெரும்பாலானவை மறு பக்கம். ஒரு மாதத்துக்குள் கத்தோலிக்கர் தோற்றார்கள். அடுத்த வருடம், 1848இல், அரசியலமைப்பு எழுதினார்கள். வென்றவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எடுக்கவில்லை. சனத்தொகைப்படி ஒரு சபை, மாநிலங்களுக்குச் சமமான இடம் கொடுத்து இன்னொரு சபை என்று இரண்டு வைத்தார்கள். இன்று முதலாவதில் 200 பேர், மற்றதில் 46 பேர். பதினைந்து இலட்சத்துக்கு மேல் சனம் உள்ள சூரிச்சுக்கும் இரண்டு இடம், நாற்பதாயிரம் கூட இல்லாத ஊரி மாநிலத்துக்கும் இரண்டு இடம். இரண்டு சபையும் சம்மதிக்காமல் ஒரு சட்டமும் வராது. அரசாங்கத்தில் ஏழு அமைச்சர்கள். ஜனாதிபதி பதவி அவர்களுக்குள் வருடத்துக்கு ஒருவராகச் சுற்றி வரும். அரசியலமைப்பில் ஒரு சொல்லை மாற்றுவதென்றாலும் சனம் வாக்களிக்க வேண்டும். மொத்த வாக்கிலும் பெரும்பான்மை வேண்டும், மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும்.

யூராவின் கதையும் எங்களுக்குத் தெரிய வேண்டியது. ஜெர்மன் பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள பேர்ண் மாநிலத்துக்குள் பிரெஞ்சு பேசும் யூராப் பகுதி இருந்தது. தனி மாநிலம் கேட்டார்கள். கலகமும் இல்லாமல் இல்லை. ஆனால் முடிவு வாக்குப்பெட்டியில்தான் வந்தது. 1974இல் யூராச் சனத்தைக் கேட்டார்கள். 1978இல் முழு சுவிஸ் சனத்தையும் கேட்டார்கள். 1979இல் யூரா தனி மாநிலமானது. அதே 1979இல் எங்கட நாட்டில் என்ன சட்டம் வந்தது என்று சற்று முதல் சொன்னேன்.

இன்று நடைமுறையில் உள்ள அரசியலமைப்பு 1999இல் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டு 2000 ஜனவரி 1 முதல் இருக்கிறது. அதிலும் ஒரு 29ஆம் உறுப்புரை இருக்கிறது. அதிகாரிகள் எவரையும் நியாயமாக நடத்த வேண்டும், முடிவெடுக்க முதல் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், காசு இல்லாதவருக்கு, வழக்கு வெல்ல வழியே இல்லாதது என்றால் ஒழிய, இலவச சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்கிறது. சுவிஸ் பிரசை என்று அதில் இல்லை, "ஒவ்வொருவரும்" என்றுதான் இருக்கிறது. அந்த இரண்டு நாளில் நான் ஓடிப்போனது ஒரு சட்ட உதவி நிலையத்துக்கு. கடைசி நாள் தபாற்கந்தோர் பூட்ட முதல் மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் போட்டோம். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

இன்னும் இருக்கிறது. 12ஆம் உறுப்புரை, ஒருவர் தன்னைத் தானே பார்க்க முடியாத கஷ்டத்தில் இருந்தால் மனிதராக வாழத் தேவையான உதவி கிடைக்க வேண்டும் என்கிறது. 19ஆவது, பிள்ளைகளுக்கு இலவச அடிப்படைக் கல்வி. 25ஆவது, சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது. 33ஆவது, எவரும் அதிகாரிகளுக்கு மனுக் கொடுக்கலாம், அதனால் அவருக்குப் பாதிப்பு வரக்கூடாது.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. பெண்களுக்குக் கூட்டாட்சி வாக்குரிமை 1971இல்தான் வந்தது. 2009இல் மசூதிக் கோபுரம் கட்டக்கூடாது என்று சனமே வாக்களித்து அரசியலமைப்பில் எழுதினது. கூட்டாட்சிச் சட்டத்தை இங்கும் நீதிமன்றம் தள்ளிவைக்க முடியாது. எங்களில் பிரசாவுரிமை இல்லாதவருக்குக் கூட்டாட்சி வாக்கும் இல்லை. ஆனாலும் 2016இல், அகதிகளுக்கு இலவச சட்டத்தரணி கொடுக்கும் சட்டத்தை ஒரு பெரிய கட்சி எதிர்த்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தபோது, வாக்களித்தவர்களில் 66 வீதத்துக்கு மேற்பட்டோர் அந்தச் சட்டத்துக்கு ஆம் என்றார்கள். 2019 மார்ச் முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. கடிதம் வந்தால் அன்றைக்கே திறவுங்கள். கடைசிப் பக்கத்தில் எங்கே, எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருக்கும். விளங்காவிட்டால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். புதிய அகதி நடைமுறையில் சிலருக்கு ஏழு வேலைநாள்தான் தவணை. இரண்டாவது, பதிவுத் தபாலை எடுக்காமல் விட்டால் தப்பலாம் என்று நினையாதேங்கோ. ஏழு நாள் போனால் கிடைத்ததாகவே கணக்கு. மூன்றாவது, சுவிஸ் பாஸ்போட் எடுத்த தம்பி தங்கைமாரே, வாக்குச்சீட்டு உறையைக் குப்பையில் போடாதேங்கோ. வாக்கில்லாத பெற்றோருக்கும் சேர்த்துத்தான் அது உங்கள் கையில் வருகிறது.

கோடீஸ்வரன் தனி ஆளாக வழக்குப் போட்டார். அவருடைய 29ஐ எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு இங்கே ஒரு 29 கிடைத்திருக்கிறது. அதை லாச்சிக்குள் வைத்துப் பூட்டாதிருப்போம்.

அனைவருக்கும் இனிய தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.