இயற்கையின் செயலா? மனிதனின் செயலா?

(நம் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



1850–1900 ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டால், 2011–2020 ஆண்டுகளில் புவியின் வெப்பநிலை ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. "இது இயற்கையின் செயல், பனியூழிகள் முன்னரும் வந்தன, போயின, மனிதன் என் செய்வான்?" என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை எள்ளி நகையாடாமல் சீர்தூக்கிப் பார்ப்போம்.

அதில் உண்மையும் உண்டு. புவியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மாறுவதால் பனியூழிகள் தோன்றி மறைந்தன என்பதை மிலன்கோவிச் என்னும் செர்பிய அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். ஆயினும், அம்மாற்றங்கள் பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்பவை. ஒன்றரை நூற்றாண்டில் நிகழ்பவை அல்ல.

கதிரவன் காரணமோ? 1978 முதல் செயற்கைக்கோள்கள் அதன் ஆற்றலை அளந்து வருகின்றன. அது பதினோராண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதேயன்றி, புவி வெப்பத்தோடு சேர்ந்து உயரவில்லை. கதிரவனே காரணமாயின், வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். அதுவோ குளிர்ந்து வருகிறது. எரிமலையோ? 1991-இல் பிலிப்பைன்சின் பினடுபோ வெடித்தபோது உலகம் சுமார் அரை டிகிரி குளிரவே செய்தது. எரிமலைகள் உமிழும் கரியமில வாயு, மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

எஞ்சுவது யாது? கரியமில வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மிகுதியாகச் சூடேறி, மெதுவாகவே ஆறுகிறது என்று 1856-இல் கண்டவர் யூனிஸ் ஃபுட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவருடைய கட்டுரையை அறிஞர் அவையில் படித்தவர் ஓர் ஆடவர்; பின்னர் அவர் பெயரே நெடுங்காலம் மறக்கப்பட்டது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அவ்வாயு, 1958-இல் ஹவாய்த் தீவில் கீலிங் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315 ஆக இருந்தது; 2024-இல் 420-ஐயும் கடந்திருந்தது. அது நிலக்கரியும் எண்ணெயும் எரிந்ததால் வந்தது என்பதற்கு அதன் அணுக்களே சான்று. பண்டைத் தாவரங்களில் கனத்த கார்பன் குறைவு. காற்றிலும் அதன் விகிதம் குறைந்து வருகிறது.

இளைஞர்களே! "இயற்கை" என்னும் சொல் நமக்குப் புதிதன்று. பிறப்பில் உயர்வு தாழ்வு இயற்கையின் நியதி என்றே நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்டது. கிணறும் தெருவும் பள்ளியும் அடைபட்டதற்கு விதியே காரணம் என்றனர். அது மனிதர் செய்த ஏற்பாடு என்று தெளிந்த அன்றே, மனிதரால் அதை மாற்ற இயலும் என்றும் அறிந்தோம். அங்கே அச்சொல் பொய்த்தது என்பதாலேயே இங்கும் பொய் என்று முடிவு கட்டலாகாது. சான்று கேட்க வேண்டும். கேட்டோம், அது மனிதனையே காட்டிற்று.

ஆனால் எந்த மனிதனை? வெயிலில் களை பறிப்போரும், செங்கல் சூளையில் வேகுவோரும், தெருக் கூட்டுவோரும் எரித்த எண்ணெய் எவ்வளவு? ஆயினும் வெப்பம் முதலிற் சுடுவது அவர்தம் முதுகையே. எனவே இவ்வாதம் அறிஞர் அவைக்கு மட்டும் உரியதன்று; நமக்கும் உரியது.

நம் பிள்ளைகள் இயற்பியலும் வேதியியலும் கற்கட்டும். அளந்து பார்க்கக் கற்கட்டும். "இது இயற்கை" என்று எவர் கூறினும், "சான்று யாது?" என்று அஞ்சாமல் கேட்கட்டும். கால் நூற்றாண்டுக் கல்விப் பணியின் பயன் அதுவே.