அச்சுப்பொறி பதில் சொல்லாத நேரம்



2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடமும் பயிற்சித் தாளும் கைப்பேசி வழியே வீடு தேடி வந்தன. சிறிய திரையைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளின் கண் நோகிறதே என்று, சுங்கை காடுட் வட்டாரத்தில் சில தொழிலாளர் குடும்பங்கள் சிக்கனம் பிடித்து ஓர் அச்சுப்பொறி வாங்கின. பிரிண்டர் என்று நாம் சொல்வது அதைத்தான். அதைப் பற்றிப் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “வாத்தியாரே, அச்சடிக்கச் சொன்னா டைம் அவுட்னு வருது. மிஷின் கெட்டுப் போச்சா? புதுசு வாங்கணுமா?”

அவசரப்பட்டுக் காசை இறைக்க வேண்டாம். டைம் அவுட் என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

பெரட்டுக்களத்தில் கிராணியார் பெயர் கூப்பிடுவதை நினைத்துப் பாருங்கள். ஒரு பெயரைச் சொல்லிச் சற்றுப் பொறுப்பார். பதில் வராவிட்டால் ‘ஆள் இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அந்த ஆள் உண்மையிலேயே வராமல் இருந்திருக்கலாம்; கடைசி வரிசையில் நின்று கொடுத்த குரல் எட்டாமலும் போயிருக்கலாம். கணினியும் அப்படித்தான். அச்சுப்பொறியைக் கூப்பிட்டுக் குறித்த விநாடிகள் வரை காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் ‘நேரம் கடந்தது’ என்று அறிவித்துவிடும். ஆகவே, பதில் வரவில்லை என்பது வேறு. பொறி பழுது என்பது வேறு.

பதில் ஏன் வரவில்லை? இதை ஒழுங்காக ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, யூஎஸ்பி கம்பியால் கணினியையும் அச்சுப்பொறியையும் நேராக இணைத்து ஒரு தாள் அடித்துப் பாருங்கள். தாள் வந்துவிட்டால் பொறி நலமாக இருக்கிறது. குறை கம்பியில்லா வழியில்தான்.

இரண்டாவது, பொறி உறங்குகிறதா என்று பாருங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த அது தானே ஓய்வுக்குப் போய்விடும். பொத்தானை அழுத்தி எழுப்பி, ஒரு நிமிடம் கழித்து அனுப்புங்கள்.

மூன்றாவது, இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா? கணினி அண்ணனின் கைப்பேசி இணைப்பிலும், அச்சுப்பொறி வீட்டு ரவுட்டரிலும் இருந்தால், ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்காது.

நான்காவது, முகவரி. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். மின்சாரம் போய் வந்தபின் அந்த எண் மாறிவிடலாம். கணினியோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். வீடு மாறிப் போனவருக்குப் பழைய லயத்தில் கடிதம் போட்டதைப் போல! பொறியின் இன்றைய எண்ணைப் பார்த்துக் கணினியில் திருத்துங்கள். ரவுட்டர் அமைப்பில் அந்த எண்ணை அச்சுப்பொறிக்கென்றே ஒதுக்கிவிட்டால் தொல்லை திரும்பாது.

ஐந்தாவது, தூரமும் தடையும். மலிவு விலைப் பொறிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசும். தகரத் தடுப்பும் இரும்பு அலமாரியும் அலையைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பு அதே அலையில் இரைச்சல் போடும். பொறியை ரவுட்டரின் பக்கம் நகர்த்தி வையுங்கள்.

வெளியிலிருந்து வரும் இணையம் மந்தமாக இருப்பதுதான் காரணமோ என்று சிலர் ஐயப்படுகிறார்கள். வீட்டுக் கணினியிலிருந்து வீட்டு அச்சுப்பொறிக்குப் போகும் தாள் பெரும்பாலும் ரவுட்டர் வழியாக வீட்டுக்குள்ளேயே போய்விடும். இணைய நிறுவனத்தின் வழியாக அனுப்பும் முறைகளுக்கு மட்டுமே வெளி இணைப்பு வேண்டும்.

இனி, சுமை. ஏ4 அளவு வண்ணப் படம் ஒன்றை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று சுருக்காமல் அனுப்பினால் ஏறக்குறைய 26 மெகாபைட் ஆகும். விநாடிக்கு 2 மெகாபிட் மட்டுமே ஓடும் பலவீனமான வைஃபையில் அது போய்ச் சேர 100 விநாடிக்கு மேல் பிடிக்கும். எழுத்து மட்டும் உள்ள பக்கத்துக்கு இதில் சிறு பங்குகூட வேண்டியதில்லை. ஆகவே, படங்களைக் கறுப்பு வெள்ளையாகச் சிறிதாக்கி, இரண்டு இரண்டு பக்கமாக அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பதில் வராவிட்டால் பிள்ளைகள் ‘பிரிண்ட்’ பொத்தானைப் பத்து முறை தட்டுகிறார்கள். இதனால் வரிசையில் பத்துப் படிகள் சேர்ந்து, வழி இன்னும் அடைபடும். அமெரிக்காவில் 1986 அக்டோபரில் இப்படிப்பட்ட நெரிசல் பெரிய அளவில் நேர்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் 400 கெஜம்தான். விநாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டாகச் சுருங்கியது. பதில் தாமதித்ததும் கணினிகள் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பியது நெரிசலைக் கூட்டியது. வான் ஜேக்கப்சன் என்ற அறிஞர் கண்ட தீர்வு என்ன தெரியுமா? நெரிசல் தெரிந்தால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே. 1988-இல் அவர் அதை விளக்கி எழுதினார். இணையம் பிழைத்தது அந்தப் பொறுமையால்தான்.

நாமும் வரிசையில் தேங்கிய படிகளை நீக்கி, பொறியையும் கணினியையும் அணைத்துப் போட்டு, ஒரே ஒரு முறை அனுப்பிக் காத்திருப்போம். மேற்படிப்பு விண்ணப்பத்தைக் கடைசி நாள் இரவில் அச்சடிக்க உட்காராமல், நான்கு நாள் முன்னதாகவே அடித்து வைத்துக்கொள்வோம். பொறி புதிதாக வேண்டுமா என்பதை, இத்தனையும் பார்த்த பிறகு யோசிக்கலாம். பதறாத காரியம் சிதறாது அல்லவா?