குண்டு பல்பும் ஒரு நொடித் தவறும்

(நம் சங்கத்தின் குடும்பச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பழைய பல்பெல்லாம் சேர்க்கிறாராமே!" என்று லிஃப்டில் என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அதைப் பற்றியே பேசச் சொல்லிவிட்டார் நம் செயலாளர். என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன், பழைய சாமான் கடையில் ஒரு கார்பன் இழை பல்பு கிடைத்தது. உச்சியில் கூரான மூக்கு, உள்ளே வளையமாகச் சுற்றிய இழை, அடியில் திருகு. நம் ஊர் பல்புக்கு உள்ள இரண்டு பின் அதில் இல்லை. அதற்கேற்ற ஹோல்டர் வாங்கி மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். பளீரென்று ஒரு வெள்ளை ஒளி, அவ்வளவுதான்! கழற்றித் திருப்பிப் பார்த்தபோதுதான் கண்ணாடியில் மங்கலாக "110 வோல்ட்" என்று தெரிந்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். எத்தனையோ கை மாறி உடையாமல் வந்ததை நான் ஒரு நொடியில் முடித்துவிட்டேன்.

ஏன் அப்படி ஆயிற்று? குண்டு பல்பில் மெல்லிய இழை வழியே மின்சாரம் பாய்கிறது. இழை சூடேறி ஒளிர்கிறது. காற்று பட்டால் எரிந்துவிடும் என்பதால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். 1879-ல் எடிசன் கரியாக்கிய பருத்தி நூலை ஒளிர வைத்தார். அடுத்த வருடம் மூங்கில் இழைக்கு மாறினார். டங்ஸ்டன் இழை வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

டங்ஸ்டன் சூடானால் அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் கூடும். அதுவே ஒரு கடிவாளம். கார்பன் நேர்மாறு. சூடு ஏற ஏற மின்தடை குறையும், மின்சாரம் இன்னும் அதிகமாகப் பாயும். இரு மடங்கு வோல்ட் கொடுத்தால் கேட்க வேண்டுமா?

சரியான வோல்ட்டிலும் இழை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். பழைய பல்பின் உட்புறம் கறுத்திருப்பது அந்த ஆவி படிந்ததால்தான். கலிஃபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901-லிருந்து ஒரு பல்பு எரிகிறது. அதன் ஒளி இன்று 4 வாட் அளவுதான். மங்கலாக எரிவதும் அதன் ஆயுளுக்கு ஒரு காரணம்.

அதனால் இப்போதெல்லாம் வேரியாக் வைத்து வோல்ட்டை மெதுவாக ஏற்றுவேன். இழை செம்மஞ்சளாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுவேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சொந்த ஊர் வீட்டைக் காலி செய்யும்போது பரணில் பழைய பல்பு கிடைத்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உச்சியில் மூக்கு இருக்கிறதா என்று பாருங்கள். காற்றை உறிஞ்சிய குழாயை உருக்கி மூடிய இடம் அது. பிற்காலப் பல்புகளில் அது அடிப்பகுதிக்குள் மறைந்துவிட்டது. கண்ணாடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். அழுத்தித் துடைத்தால் எழுத்து போய்விடும். "எரிகிறதா, போட்டுப் பார்ப்போமே" என்று மட்டும் ஸ்விட்சைத் தொடாதீர்கள். என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சேர்ந்து பார்ப்போம், பல்பை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவேன்.

நான் கருக்கிய பல்பு இன்னும் என் அலமாரியில் முதல் வரிசையில்தான் இருக்கிறது. யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவேன்.