இரவல் முகவரி



மதுரைப் புகைவண்டி நிலையத்திற்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. 1689 முதல் மதுரையை ஆண்ட ராணியின் பெயரைத் தாங்கியது அது. சத்திரத்திற்கு வரும் வழிப்போக்கர் தாமாகவே ஓர் அறையில் புகுந்துகொள்வது முறையன்று. கணக்கர் காலியான அறையைக் காட்டுவார்; தங்கும் நாளைப் பேரேட்டில் குறிப்பார். வந்தவர் போனபின் அவ்வறை பிறருக்கு ஆகும். இன்று நான் சொல்லவிருக்கும் செய்தி இவ்வழக்கத்திலேயே அடங்கியிருக்கிறது.

கணினிகள் தம்முள் உறவாட ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். அதனை ஐ.பி. முகவரி என்பர். 192.168.1.25 என்பது போல அமைந்திருக்கும். ஒரே வலையில் இரண்டு கருவிகள் ஒரே எண்ணைப் பூண்டால், ஒரே கதவெண்ணுள்ள இரு வீடுகளின்முன் தபால்காரர் திகைப்பதுபோலச் செய்திகள் தடுமாறும்.

மேலூர் வட்டத்துச் சிற்றூர்களுக்கு 2001-ஆம் ஆண்டிலேயே 'சாரி' என்னும் திட்டத்தால் இணையம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறை அதற்குத் துணைநின்றது. சில ஆண்டுகளுக்குப் பின், அப்பக்கத்தில் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்கும் கணினிகள் வந்தன. அவற்றின் எண்களை என் குறிப்பேட்டில் நானே எழுதி வைத்தேன். புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தபோது, முதல் எண் காலியாக இருக்கிறதென்று கருதி 192.168.1.1 என்பதைக் கொடுத்தேன். அது ரவுட்டருக்கு உரிய எண் என்பதை நான் அறியேன்!

உதவித்தொகை விண்ணப்பத்திற்கு அன்றே கடைசி நாள். அறை முழுவதும் இணையம் தடுமாறியது. விண்ணப்பிக்க வந்த மாணவியர் கலங்கி நின்றனர். பழைய மாணவன் ஒருவன் வந்து அச்சுப்பொறியின் கம்பியைக் கழற்றினான்; இணையம் மீண்டது. விண்ணப்பங்கள் மாலைக்குள் சென்று சேர்ந்தன. "ஐயா, இந்தக் கணக்கை ரவுட்டரிடமே விட்டுவிடலாமே" என்றான் அவன்.

அவன் சொன்ன முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். 1993-இல் இதன் விதிகள் முதலில் வெளியாயின. ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய திருத்திய விதிகள் 1997-இல் வந்தன. நடப்பது நான்கு பேச்சு. புதிய கணினி, "முகவரி தருவார் உண்டோ?" என்று கூவும். ரவுட்டர் ஓர் எண்ணைக் காட்டும். கணினி அதையே கேட்கும். ரவுட்டர் தவணை குறித்து உறுதி செய்யும். தவணையில் பாதி கழிந்ததும் கணினி நீட்டிப்புக் கேட்கும். கேளாமல் தவணை முடிந்தால் எண் பொதுவுக்குத் திரும்பும்.

அமைப்பதும் எளிதே. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் கடவுச்சொல்லுடன் நுழைந்து டி.எச்.சி.பி.யை இயக்குங்கள். 100 முதல் 199 வரை என எல்லை வகுத்து, தவணையைக் குறியுங்கள். கணினிகளில் 'தானாகப் பெறுக' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அச்சுப்பொறி போல இடம்மாறாக் கருவிக்கு ரவுட்டரிலேயே நிலையான எண்ணை ஒதுக்குங்கள். ஒரே வலையில் இரண்டு ரவுட்டர்கள் எண் வழங்க விடாதீர்கள். ஒரு சத்திரத்திற்கு ஒரே கணக்கர் போதும்.

நினைவை நம்பிப் பொதுக்காரியம் நடத்தினால் துன்பம் நம்மைமட்டும் சேர்வதில்லை. நம்மை நம்பி நிற்போரையும் சேர்கிறது. அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில், அன்று விண்ணப்பித்த பதினொரு மாணவியரின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன்.