டீச்சரா, அம்மாவா?

(“பிள்ளைகளின் கல்வி சிறப்பது வீட்டிலா, பள்ளியிலா?” என்ற பட்டிமன்றத்தில் ‘பள்ளியிலே’ என்ற அணியில் பேசியது. இடம்: திருவொற்றியூர்)

நடுவர் அவர்களே! எதிரணியிலே கட்டுக்கட்டாகக் குறிப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! திருவொற்றியூர்ப் பெருமக்களே! தொலைக்காட்சியிலே என்னைப் பார்த்துக்கொண்டே, பிள்ளையை மட்டும் “போய்ப் படி” என்று விரட்டுகிற தாய்மார்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய தம்பி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினாங்க, வீட்டிலேயே படிச்சாங்க, 1912இல் டாக்டர் ஆனாங்க, இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டார். சரிதான் தம்பி. ஆனா அந்த வீட்டிலே சொல்லிக் கொடுத்தது யாரு? அவங்க அப்பா, புதுக்கோட்டை மன்னர் கல்லூரி முதல்வர்! நம்ம ராயபுரத்திலே எத்தனை வீட்டுக் கூடத்திலே கல்லூரி முதல்வர் உட்கார்ந்திருக்கார்? (பலத்த கைதட்டல்) அப்படி வீட்டிலே மெட்ரிகுலேஷன் முடிச்ச பொண்ணு அதோட நின்னாங்களா? ஆண்பிள்ளைகள் படிக்கிற அதே கல்லூரிக்குள்ளே போய்ப் படிச்சே ஆகணும்னு நின்னாங்க. மன்னரே அனுமதி கொடுக்கும்படி ஆச்சு.

மேடையிலே தெரியாததைப் பேசக்கூடாது என்று, போன வாரம் ராயபுரத்திலே ஒரு வீட்டுக்குப் போனேன். பையனை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்கிற தாய். பி.எஸ்ஸி. கணிதம் படிச்சவங்க. 2020 மார்ச்சிலே பள்ளிகளை மூடியபோது பையன் யு.கே.ஜி. 2021 நவம்பர் முதல் தேதி சின்ன வகுப்புகளைத் திறந்தார்கள். பையனுக்குக் கொஞ்சம் திக்கும். நாலு பிள்ளைகள் சிரித்தார்கள். “போகமாட்டேன்” என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். சரி, நானே படிக்க வைக்கிறேன் என்று அந்தம்மா முடிவு பண்ணிட்டாங்க. இப்போ அவனுக்குப் பத்து வயசு.

“எதும்மா ரொம்பக் கஷ்டம்?” என்று கேட்டேன். இங்கிலீஷ் என்று சொல்வார்கள், அறிவியல் என்று சொல்வார்கள் என நினைத்தேன். அவங்க சொன்ன பதில்: “சத்தம், சார்.”

எனக்கு விளங்கலே. “அவரு ஹார்பர்ல ராத்திரி ஷிப்ட். காலையில வந்துதான் படுப்பாரு. இருக்கிறது ஒரே ரூம். அவரு எழுந்திருக்கிற வரைக்கும் பாடத்தை ரகசியமாத்தான் நடத்தணும். திக்குற புள்ள வாய்விட்டுப் படிக்கணும் சார். இங்க வாய்விட்டா அப்பா முழிச்சுக்குவாரு.”

நடுவர் அவர்களே, நான் கல்லூரியிலே பாடம் நடத்துகிறவன். என் வகுப்பிலேயும் பலர் தூங்குவாங்க. (சிரிப்பு) ஆனா அவங்க தூக்கம் கெடக்கூடாதே என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை!

பரீட்சைக்கு என்ன பண்ணுவீங்க என்று கேட்டேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலே பத்தாம் வகுப்பு எழுத 14 வயசு நிறையணும். “அதுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கே சார். நான் சரியாத்தான் சொல்லித் தர்றேனான்னு அதுவரைக்கும் எனக்கு யாரு மார்க்கு போடுவாங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

கடைசியா ஒன்று சொன்னாங்க. ஒருநாள் ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டு என்ன என்று கேட்டால் பையனுக்கு வரலே. நாலு தடவை கேட்டு, ஐந்தாவது தடவை கையை ஓங்கிட்டாங்க. பையன் பின்னால் நகர்ந்து, திக்கித் திக்கிக் கேட்டானாம்: “இப்ப நீ டீச்சரா, அம்மாவா?”

(அரங்கில் அமைதி)

“அன்னிக்கு ராத்திரி சோறு பிசைஞ்சு குடுத்தேன் சார். என் கையைப் பார்த்துக்கினே இருந்தான். வாங்கலே.”

எதிரணித் தலைவர் வள்ளலாரை இழுத்தார். இந்த ஒற்றியூர்க் கோயிலுக்கு வருஷக்கணக்காக வந்து வழிபட்ட மகான், அவர் எந்தப் பள்ளியிலே படித்தார் என்று கேட்டார். ஐயா, அந்தக் கதையை முழுசாச் சொல்லுங்க! ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவிலே அண்ணன் சபாபதி வீடு. அப்பா இல்லாத தம்பியைப் படிக்க வைக்கப் படாத பாடு பட்டார் அண்ணன். ஆசிரியரிடம் அனுப்பினார். தம்பி பாடத்தை விட்டுவிட்டுக் கந்தகோட்டத்துக்குப் போய்விட்டார். அண்ணனுக்குக் கோபம். இவனுக்குச் சோறு போடாதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிற வரலாறு. அண்ணன் கெட்டவரா? இல்லை. அண்ணனாக இருக்க வேண்டியவர் வாத்தியாராகவும் இருந்தார், அதுதான் சங்கடம். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது யார்? அண்ணி பாப்பாத்தி அம்மாள். புருஷனுக்குத் தெரியாமல் பின்வாசல் கதவைத் திறந்து சோறு போட்டார். அந்த அண்ணி கண்கலங்கிக் கேட்டுக்கொண்ட பிறகுதான், படிக்கிறேன் என்று அந்தப் பிள்ளை மாடி அறை கேட்டது. ராயபுரத்திலே அந்த ஒற்றை அறைக்குப் பின்வாசல் ஏது நடுவர் அவர்களே? வாத்தியாரும் அவங்களே, அண்ணியும் அவங்களே! (பலத்த கைதட்டல்)

பள்ளிக்கூடம் மட்டும் பத்திரமா என்று ஒரு சகோதரி கேட்டார். 2024 அக்டோபரிலே இதே ஊரிலே ஒரு பள்ளியில் நெடி தாங்காமல் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னார். நியாயமான பயம். ஆனா 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்திலே அமோனியா கசிந்தபோது, ஜனங்க வீட்டிலேதானே அம்மா தூங்கிக்கிட்டிருந்தாங்க? பள்ளிக்கூட ஜன்னலுக்கு ஒரு காத்து, வீட்டு ஜன்னலுக்கு ஒரு காத்தா வருது? அந்தச் சண்டையைத் தனியாகப் போடுவோம், நானும் வர்றேன்.

அந்தத் தாயை நான் குறை சொல்லலே. சிரித்த பிள்ளைகளைக் கண்டிக்காத பள்ளியைத்தான் சொல்லணும். புறப்படும்போது அவங்க கேட்டாங்க: “திரும்பச் சேர்க்கணும்னா ஒண்ணாவதுலயா சார் உட்கார வைப்பாங்க? கையில டி.சி.கூட இல்லியே.” இல்லம்மா, 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் இருக்கு. வயசுக்கு ஏற்ற வகுப்பிலே சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தரணும். டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. மாநகராட்சிப் பள்ளிக்குப் போய்த் தைரியமாக் கேளுங்க, வேணும்னா நானும் கூட வர்றேன் என்றேன்.

திங்கட்கிழமை போறோம் என்றார்கள். கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பையன் மெதுவா வந்தான். என்னமோ கேட்க வந்தான், திக்கிச்சு. நான் அவசரப்படுத்தலே, நின்னேன்.

“மு... முட்டை தருவாங்களா சார்?”

தருவாங்கடா கண்ணா என்றேன். (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணி அடித்துவிட்டார்.