இணைப்பு பஸ் நிற்குமா?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியில் எனக்கு ஒரே ஒரு அரியர். படிக்காததால் அல்ல, சத்தியமாக! ஊரிலிருந்து ப்ராக்டிகல் தேர்வுக்கு வந்த அன்று, பாசஞ்சர் ரயிலை 12 நிமிஷம் அவுட்டரில் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் ஏழு பேர் ஓடிவந்தபோது இணைப்பு பஸ் கண்ணெதிரே வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து. ரயில்வே கணக்கில் 12 நிமிஷத் தாமதம். என் கணக்கில் ஆறு மாதம்.

இன்று கால அட்டவணை தயாரிப்பதே என் பிழைப்பு. அந்த பஸ்ஸைப் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உள்ளே 40 பேர் 12 நிமிஷம் காத்திருந்தால் 480 நிமிஷம் நஷ்டம். நாங்கள் ஏழு பேர் 120 நிமிஷம் நின்றது 840. ஆக, பஸ் நின்றிருக்க வேண்டும். ஆனால் அரை மணிக்கு ஒரு பஸ் இருந்திருந்தால் எங்கள் நஷ்டம் 210தான். அப்போது அது கிளம்பியதே சரி! அந்த 40 பேரில் எத்தனை பேர் அடுத்த ஊரில் இன்னொரு வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அதில்தான் தலை சுற்றும்.

டிரைவர் மேல் எனக்குக் கோபமில்லை. ரயில் அவுட்டரில் நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு போன். அதைச் செய்வது யார் வேலை என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

சுவிட்சர்லாந்தில் இதை எழுதிவைத்தார்கள். 1987இல் மக்கள் வாக்களித்து ஏற்ற 'பான் 2000' திட்டத்தில், பெரிய நிலையங்களுக்கு ரயில்கள் மணி அடிக்கச் சற்று முன் வந்து, இறங்கியவர்கள் மாறி ஏறியதும் கிளம்ப வேண்டும். அதற்காக பெர்ன்–சூரிக் பயணத்தை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர 45 கி.மீ. புதுப் பாதை போட்டு, 2004 டிசம்பரில் திறந்தார்கள். 40 நிமிஷத்தில் போக வேண்டும் என்று ஆசைப்படவில்லை. போய் என்ன செய்வது, அங்கே இணைப்பு வண்டி வந்திருக்காதே! ரயில் நேரத்துக்கு வந்ததா என்பதோடு, பயணிக்கு இணைப்பு கிடைத்ததா என்றும் தனியாக எண்ணுகிறார்கள்.

ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் தம்பிகளே, ஒரு வாரம் இரவு 9 மணிக்கு நம்மூர் பஸ் ஸ்டாண்டில் நோட்டோடு நில்லுங்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிறவர்களை எண்ணி, எந்த வண்டியில் வந்தார்கள் என்று கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து கணக்குப் போடலாம்.