துளையில் இருக்கிறது கைத்திறன்

பிப்ரவரி முடியும் தறுவாயில் கனடாவின் க்யூபெக் மாகாணத்து மேப்பிள் பண்ணைக்காரர்களுக்கு வானிலை அறிக்கைதான் பஞ்சாங்கம். இரவில் உறைய வேண்டும், பகலில் இளக வேண்டும். இரண்டும் மாறி மாறி வந்தால்தான் மரம் சாறு தரும். உறையும்போது மரம் வேர் வழியே நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. வெயில் ஏறியதும் உள்ளே அழுத்தம் கூடி, துளை கண்ட இடத்தில் சாறு வழிகிறது. சில வாரங்களே நீடிக்கும் பருவம் இது. அதற்குள் உலகின் மேப்பிள் பாகில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்த ஒரு மாகாணமே காய்ச்சி முடித்துவிடுகிறது.

மேப்பிள் என்றதும் படங்களில் மரத்தில் தொங்கும் தகர வாளியைக் காட்டுவார்கள். பெரிய தோப்புகளில் இன்று வாளி கிடையாது. மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது, பம்பு வைத்து உறிஞ்சுகிறார்கள். பழைமை போயிற்றே என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முழங்கால் புதையும் பனியில் வாளி தூக்கிய முதுகைக் கேட்டால் அல்லவா தெரியும்! வேலையும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அணில் கடித்த குழாயையும் கிளை விழுந்து அறுந்த குழாயையும் தேடி ஒருவர் தோப்பு முழுக்க நடக்கிறார். ஓட்டைக்குள் காற்று புகும் சீறலைக் காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

பாகு காய்ச்சும் கொப்பரையடியில் நிற்பவருக்கே எல்லாப் புகழும் போகிறது. என்னைக் கேட்டால், இந்தத் தொழிலின் கைத்திறன் துளை போடுவதில் இருக்கிறது. துளையின் அகலம் 8 மில்லிமீட்டர், ஆழம் 4, 5 சென்டிமீட்டர். சாறு தேங்காமல் வெளியே வர, லேசாக மேல்நோக்கிச் சாய்த்துத் துளைப்பார்கள். வெளியே வரும் தூள் வெள்ளையாக இருந்தால் நல்ல கட்டை. பழுப்பாக வந்தால் அது பழைய காயம். காயம்பட்ட பகுதியை மரம் மேலும் கீழும் நீளமாக அடைத்துவிடும், அங்கே திரும்பச் சாறு ஓடாது. ஆகவே ஆண்டுதோறும் தள்ளித் தள்ளிப் புது இடம் பார்க்க வேண்டும். 25 சென்டிமீட்டர் பருமன் இல்லாத மரத்தைத் தொடுவதில்லை. அந்தப் பருமனுக்கு வர அதற்கு ஏறக்குறைய 40 ஆண்டு ஆகும். பேராசைக்காரன் போட்ட துளைக்குத் தண்டனை அவன் பேரன் காலத்தில் வரும். சாறு எடுப்பது பழைய தொழில்: அணிஷினாபே முதலான பூர்வகுடியினர் ஐரோப்பியர் வருமுன்பே இந்தச் சாற்றை எடுத்தவர்கள். வந்தவர்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள்.

சாற்றில் சர்க்கரை 2 விழுக்காடு அளவுதான். 40 லிட்டர் வற்றினால் 1 லிட்டர் பாகு. நம் பதநீருக்குச் சுண்ணாம்பு காவல் என்றால் இதற்குக் குளிர் காவல். வெயில் சற்று முறுகினால் கெட்டுவிடும் என்பதால் அன்றைய சாற்றை அன்றே காய்ச்ச வேண்டும், நள்ளிரவானாலும் சரி. இப்போது சவ்வு வடிகட்டியால் பாதிக்கு மேற்பட்ட தண்ணீரை முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். விறகும் தூக்கமும் மிச்சம். நுரை பொங்கினால் துளி வெண்ணெய் போட்டால் போதும், அடங்கிவிடும். தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் 4 பாகை ஏறும்போது பதம். காற்றழுத்தத்தோடு கொதிநிலையும் மாறுவதால் அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். அனுபவசாலிகள் அகப்பையைச் சரித்துப் பார்ப்பார்கள். பாகு சொட்டாமல் ஏடாகத் தொங்கி விழ வேண்டும். பதம் முந்தினால் நாளாவட்டத்தில் புளிக்கும், பிந்தினால் அடியில் கற்கண்டு கட்டும்.

பருவத் தொடக்கத்துப் பாகு பொன்னிறம். நாள் ஏற ஏறச் சாற்றில் நுண்ணுயிர் பெருகி, சர்க்கரையை உடைத்து, நிறத்தைக் கருக்கும். வெளிறியதே உயர்ந்தது என்று நெடுங்காலம் மதிப்பிட்டார்கள். நான் கருத்த பாகின் பக்கம். அதில்தான் மரத்தின் வாசனை நாக்கில் நிற்கிறது.

மொட்டு திரளத் தொடங்கினால் சாற்றில் ஒரு கெட்ட வாடை ஏறும். அதற்கப்புறம் ஊறினாலும் நிறுத்தியே ஆக வேண்டும். துளையில் செருகிய மூக்குகளைப் பிடுங்குகிறார்கள். துளைகளை அடைப்பதில்லை, மரமே மூடிக்கொள்ளும். குழாய்களைக் கழுவி முடித்தால் அடுத்து விறகு. இந்த வசந்தத்தில் பிளந்து அடுக்கினால்தான் வரும் மார்ச்சுக்குள் உலரும்.